ஒலிம்பியாவின் சபை வீடும் உத்திரமேரூர்க் குடமும்

சங்கத்தின் சிறப்பு மலருக்கு விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, பழைய ஒலிம்பிக் போட்டிகளைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று எளிதாக ஒப்புக்கொண்டேன். ஓட்டப் பந்தயம், மல்யுத்தம், ஆலிவ் இலை முடி என்று நான்கு பக்கம் எழுதி முடித்துவிடலாம் என்பது என் எண்ணம். படிக்கத் தொடங்கிய பிறகு என் மனம் ஓடுகளத்தில் நிற்கவில்லை. அதற்குத் தென்மேற்கே சற்றுத் தள்ளி, கோயில் வளாகத்தின் எல்லைக்கு வெளியே இருந்த ஒரு கட்டிடத்தில் போய் நின்றுவிட்டது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற பொங்கல் விழாவில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவர்களுக்கான நூறு மீட்டர் ஓட்டத்திற்கு மூன்று நடுவர்கள் இருந்தோம். அவர்களில் நான் ஒருவன். ஓடிய ஆறு சிறுவர்களில் ஒருவன் என் பேரன். மற்றொருவன் மூணாறுப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து அதிகாலையில் ஜீப்பில் கிளம்பி வந்த பையன். இருவரும் ஏறக்குறைய ஒன்றாகக் கோட்டைத் தொட்டார்கள். நானும் என் பக்கத்தில் நின்றவரும் பேரனுக்குக் கொடுத்தோம். எதிர்ப் பக்கத்தில் நின்ற மூன்றாமவர் மற்றப் பையனுக்குக் கொடுத்தார். இரண்டுக்கு ஒன்று. பேரனுக்கு முதல் பரிசு.

பரிசு கொடுத்து முடிந்ததும் அந்தப் பையனின் தகப்பனார் என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. ஓடுனது உங்க பேரன்தானே?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தண்டவாளத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்தே முப்பது வருடத்துக்கு மேல் சம்பளம் வாங்கியவன் நான், என் கண்ணைச் சந்தேகப்படுகிறீர்களா என்று ஏதோ சொன்னேன். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் பேரன் பரிசாக வந்த டிபன் பாக்ஸைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

இனி ஒலிம்பியாவுக்குப் போவோம்.

சத்தியம் செய்யும் வீடு

கிரேக்க நாட்டின் தென்பகுதியான பெலொப்பனீசில், ஆல்பியோஸ், கிளாதியோஸ் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கிறது ஒலிம்பியா. அது நகரம் அல்ல, கோயில் தலம். நம் ஊர்த் திருவிழா மைதானம்போல நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜனம் கூடி, பிறகு வெறிச்சோடிப் போகும் இடம். போட்டிகள் கி.மு. 776-இல் தொடங்கியதாக மரபுவழிக் கணக்கு. அவற்றை நடத்தும் உரிமை பெரும்பாலான காலம் ஈலிஸ் என்ற பக்கத்து நகரத்தாரிடம் இருந்தது. ஈலிஸிலிருந்து ஒலிம்பியாவுக்கு இரண்டு நாள் நடை. நடுவர்களும் வீரர்களும் ஊர்வலமாகவே வந்து சேர்வார்கள்.

வந்தவர்கள் முதலில் போகவேண்டிய இடங்களில் ஒன்று சபை வீடு. கிரேக்க மொழியில் 'பூலே' என்றால் ஆலோசனைச் சபை. அது கூடும் கட்டிடத்துக்குப் பூலியூட்டீரியன் என்று பெயர். கிரேக்க நகரங்கள் பலவற்றில் இப்படி ஒரு கட்டிடம் உண்டு. ஊர் நிர்வாகம் அங்கேதான் நடக்கும். ஒலிம்பியாவில் குடியிருக்கும் ஊர் கிடையாது என்பதால், இங்கிருந்த சபைக்குக் கோயில் காரியமும் போட்டிக் காரியமுமே வேலை.

கட்டிடத்தின் அமைப்பைச் சொல்லாவிட்டால் என் பழைய தொழில் என்னை மன்னிக்காது. ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு நீண்ட கூடங்கள், ஒவ்வொன்றும் சுமார் 30 மீட்டர் நீளம். கிழக்கு முகம் வாசல், மேற்கு முனை வளைந்து அரைவட்டமாக முடியும். நம் கோயில் கட்டிடக் கலையில் தூங்கானை மாடம் என்பார்களே, படுத்திருக்கும் யானையின் பின்புறம்போல. பெண்ணாகடத்துக் கோயிலைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ஒவ்வொரு கூடத்தின் நடுவிலும் கூரையைத் தாங்க ஒரே வரிசையில் தூண்கள். வளைந்த முனையைச் சுவர் வைத்துத் தனி அறைகளாகத் தடுத்திருக்கிறார்கள். பணமும் ஆவணங்களும் அங்கே இருந்திருக்கலாம். வடக்குக் கூடம் கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, தெற்குக் கூடம் அதற்குப் பின் கட்டப்பட்டது. இரண்டுக்கும் நடுவே சதுரமாக ஓர் இடம். மூன்றுக்கும் முன்னால் நீளமாக ஒரு தூண் வரிசைத் தாழ்வாரத்தைப் பிற்காலத்தில் சேர்த்தார்கள். தேவை வந்தபோதெல்லாம் இழுத்துக் கட்டிய கட்டிடம் என்பது தரைப்படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பழைய ஸ்டேஷன்கள் பலவற்றையும் நாங்கள் அப்படித்தான் நீட்டினோம்.

ஹோர்கியோஸ் என்ற அடைமொழியுடன் ஸியூஸ் கடவுளின் சிலை ஒன்று இந்தச் சபை வீட்டில் இருந்தது. ஹோர்கியோஸ் என்றால் சத்தியத்துக்கு உரியவன். நடுவிலிருந்த சதுர இடத்தில்தான் சிலை நின்றிருக்க வேண்டும் என்பது பலர் கருத்து. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாடு முழுதும் சுற்றி வந்த பவுசானியாஸ் என்ற யாத்திரிகர் அதை நேரில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். இரண்டு கைகளிலும் இடியைப் பிடித்திருக்கும் சிலை. பொய்ச் சத்தியம் செய்பவர்களை அச்சுறுத்துவதில் அதற்கு இணையான ஸியூஸ் சிலை வேறில்லை என்கிறார். காலடியில் ஒரு வெண்கலத் தகடு, அதிலும் பொய்ச் சத்தியக்காரர்களுக்கு எச்சரிக்கை.

இந்தச் சிலைக்கு முன், வெட்டப்பட்ட காட்டுப்பன்றியின் இறைச்சித் துண்டுகள்மேல் சத்தியம் செய்ய வேண்டும். வீரர்கள் மட்டுமல்லர். அவர்களுடைய தகப்பன்மார், சகோதரர்கள், பயிற்சியாளர்கள் எல்லோரும் செய்ய வேண்டும். போட்டியில் எந்தத் தவறும் செய்ய மாட்டோம் என்பது பொதுச் சத்தியம். பத்து மாதம் முறையாகப் பயிற்சி செய்திருக்கிறேன் என்பது வீரன் தனியாகச் செய்வது. அந்த இறைச்சியைப் பிறகு என்ன செய்வார்கள் என்று கேட்க மறந்துவிட்டேன் என்று பவுசானியாஸ் எழுதுகிறார். பதினெட்டு நூற்றாண்டுக்கு முந்தைய மனிதர் மறதியை மறைக்காமல் எழுதியதைப் படித்தபோது அவர்மேல் எனக்கு நம்பிக்கை கூடிவிட்டது.

நடுவர்களிலும் சிலர் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சிறுவர் பிரிவில் ஓடுபவன் உண்மையிலேயே சிறுவன்தானா, குட்டிக் குதிரைப் பந்தயத்துக்கு வந்தது குட்டிதானா என்று பார்த்துத் தீர்மானிப்பவர்கள் அவர்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலம். ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். லஞ்சம் வாங்காமல் நேர்மையாகத் தீர்மானிப்போம், யாரை ஏற்றோம், யாரைத் தள்ளினோம் என்பதன் காரணத்தை வெளியே சொல்ல மாட்டோம் என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள். நம் காலத்து ஒலிம்பிக்கில் வீரர்களின் உறுதிமொழி 1920-இல் ஆண்ட்வெர்ப்பில் வந்துவிட்டது. நடுவர்களும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று தோன்ற 1972 ஆகிவிட்டது. பழையவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட விவரம் தெரிந்தவர்கள்.

நடுவர்களுக்கு ஹெலனோடிகை என்று பெயர். கிரேக்கர்களுக்கு நியாயம் சொல்பவர்கள் என்று பொருள். ஆரம்பத்தில் ஒருவர், பிறகு இருவர், கடைசியில் பத்துப் பேர். போட்டிக்கு முன் பத்து மாதம் ஈலிஸில் தனி வீட்டில் தங்கி விதிகளைப் பாடம் கேட்க வேண்டும். நமக்கோ விழா அன்று காலையில் டீ குடிக்கும்போது, "சார், நீங்க கொஞ்சம் கோட்டுப் பக்கம் நின்னுடுங்க" என்று சொல்வதோடு நியமனம் முடிந்துவிடுகிறது.

அம்பிராசியா லியோனின் வழக்கு

கி.மு. 396-ஆம் ஆண்டுப் போட்டி. ஸ்டேடியம் என்ற ஓட்டப் பந்தயம், தூரம் சுமார் 192 மீட்டர். ஈலிஸ் நகரத்து யூபோலிமஸும் அம்பிராசியா என்ற ஊரைச் சேர்ந்த லியோனும் ஒட்டி ஒட்டி வந்தார்கள். ஓட்டத்தைப் பார்த்துச் சொல்ல நின்ற நடுவர்கள் மூவர். மூவரும் ஈலிஸ்காரர்கள், ஏனென்றால் நடுவர்கள் எல்லோருமே ஈலிஸ்காரர்கள்தாம். இருவர் யூபோலிமஸுக்குக் கொடுத்தார்கள். ஒருவர் லியோனுக்குக் கொடுத்தார்.

இதைப் படித்த இரவு புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அடுத்த வரி என்னவென்று பார்க்க மறுநாள்தான் துணிவு வந்தது.

லியோன் ஒலிம்பிக் சபையிடம் முறையிட்டார். சபை விசாரித்தது. யூபோலிமஸுக்கு வெற்றி கொடுத்த இரண்டு நடுவர்களுக்கும் அபராதம் விதித்தது. ஆனால் முடிவை மாற்றவில்லை. அந்த ஆண்டின் வெற்றியாளர் பட்டியலில் யூபோலிமஸின் பெயர்தான் இருக்கிறது. லியோனுக்குக் கிடைத்தது முடி அல்ல. நடுவர்கள் செய்தது சரியில்லை என்று ஈலிஸ் நகரத்து நடுவர்களுக்கும் மேலே இருந்த ஒரு சபை சொன்ன சொல் மட்டுமே.

இந்தத் தீர்ப்பு சரியா என்று பலநாள் யோசித்தேன். முடிவையும் மாற்றியிருக்க வேண்டாமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். கண்ணால் பார்த்ததைத் தவிர வேறு சான்று இல்லாத காலத்தில், களத்தில் சொன்ன முடிவை நான்கு சுவருக்குள் மாற்றத் தொடங்கினால் எந்தப் பந்தயமும் முடியாது. அதே சமயம், முடிவு நிற்கட்டும் என்பதற்காகத் தவறு செய்தவனையும் விட்டுவிட்டால் அடுத்த போட்டிக்கு அம்பிராசியாக்காரன் வரமாட்டான். சபை இரண்டையும் பிரித்து வைத்தது. ஓடுபவர்களும் பார்ப்பவர்களும் நிற்கும் களத்திலிருந்து விலகி, முறையிட வந்தவன் உட்கார்ந்து பேச ஓர் இடம் இருந்தது. அந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. என்னிடம் கேட்ட தகப்பனாருக்கு அப்படி ஓர் இடம் இல்லை. என்னிடமேதான் கேட்க வேண்டியிருந்தது.

இந்த ஆபத்தை ஈலிஸ்காரர்களுக்கு யாரும் முன்பே சொல்லாமல் இல்லை. ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கும் கதை இது. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈலிஸ் தூதர்கள் எகிப்துக்குப் போய், உலகத்திலேயே நேர்மையாகப் போட்டி நடத்துபவர்கள் நாங்கள்தான், எகிப்தின் அறிவாளிகளாலும் இதற்குமேல் ஒன்று சொல்ல முடியாது என்று பெருமையடித்தார்கள். எகிப்தியர் கேட்டது ஒரே கேள்வி. உங்கள் ஊர்க்காரர்களும் போட்டியில் கலந்துகொள்வதுண்டா? உண்டு, எல்லோருக்கும் அனுமதி உண்டு என்றார்கள் தூதர்கள். அப்படியானால் நேர்மை அங்கேயே போயிற்று, உங்கள் ஊரான் ஓடும்போது நீங்கள் அவன் பக்கம் சாயாமல் இருக்க முடியாது என்றார்கள் எகிப்தியர்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் எகிப்தியர் சொன்ன பரிகாரம், உள்ளூர்க்காரர் யாரும் ஓடக்கூடாது என்பது, நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. போட்டி நடத்துகிறவர்களின் பிள்ளைகள் ஓடக்கூடாது என்றால் நம் சங்கத்தில் பந்தல் போடக்கூட ஆள் கிடைக்காது. ஈலிஸ்காரர்களும் அதை ஏற்கவில்லை. பட்டுப் பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். கி.மு. 388-இல் தெஸ்ஸலியைச் சேர்ந்த குத்துச்சண்டை வீரன் ஒருவன் எதிராளிகளுக்குப் பணம் கொடுத்து ஜெயித்தது பிடிபட்டபோது, அபராதப் பணத்தில் ஆறு வெண்கல ஸியூஸ் சிலைகள் செய்து, வீரர்கள் ஓடுகளத்துக்கு நுழையும் வழியில் வைத்தார்கள். பிற்காலக் குற்றவாளிகளின் அபராதத்தில் இன்னும் சில சேர்ந்தன. பீடங்களை இன்றும் பார்க்கலாம். கி.மு. 372-இல் ட்ரோயிலஸ் என்ற நடுவரே இரண்டு தேர்ப் பந்தயங்களில் தம் குதிரைகளை விட்டு, இரண்டிலும் வென்றார். அவர் தவறு செய்தார் என்று யாரும் எழுதவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு நடுவராக இருப்பவர் குதிரைப் பந்தயத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்று சட்டம் வந்தது. ட்ரோயிலஸின் குதிரைகள் உண்மையாகவே வேகமாக ஓடியிருக்கலாம். அவர் பெயரைக் காப்பாற்றவும் அந்தச் சட்டம் கொஞ்சம் முன்னதாக வந்திருக்க வேண்டும்.

முக்கால் மீட்டர்

என் கண்ணைச் சந்தேகிக்கலாமா என்று கேட்டேன் அல்லவா? லியோன் கதையைப் படித்த பிறகு ஒரு காகிதம், பென்சில், அளவுகோல் எடுத்து உட்கார்ந்தேன்.

ஓட்டத்தின் முடிவைப் பார்க்கிறவன் கோட்டுக்கு நேராக, கோட்டின் நீட்சியில் கண் இருக்கும்படி நிற்க வேண்டும். அன்று கோட்டின் முனையில் நாடா பிடித்த பையன் நின்றான். அவனுக்கு இடம்விட்டு நான் ஓட்டக்காரர்கள் வரும் திசையில் சுமார் அரை மீட்டர் பின்னால் நகர்ந்துகொண்டேன். பேரன் ஓடிய தடம் எனக்கு இரண்டு மீட்டர் தள்ளி. மற்றப் பையனின் தடம் ஐந்து மீட்டர் தள்ளி. என் கண்ணிலிருந்து, கோட்டைத் தொடும் பேரன் வழியாக ஒரு நேர்கோடு இழுத்து அடுத்த தடம் வரை நீட்டினால், அது கோட்டைத் தாண்டி 75 சென்டிமீட்டர் முன்னால் போய் விழுகிறது. அதாவது மற்றப் பையன் முக்கால் மீட்டர் முந்தி இருந்தால்தான் என் கண்ணுக்கு இருவரும் சமமாகவே தெரிவார்கள். அரை மீட்டர் முந்தியிருந்தால் பேரன் ஜெயித்ததாகவே தெரியும். என் பக்கத்தில் நின்றவர் எனக்கும் பின்னால் நின்றார். எதிர்ப் பக்கத்தில் நாடா பிடித்தவர் உட்கார்ந்திருந்தார். மூன்றாமவர் அவர் தலைக்கு மேல், கோட்டுக்கு நேராகவே பார்த்திருக்கிறார். கைப்பேசியில் படம் எடுத்தவர்கள் பலர் இருந்தார்கள். எல்லோரும் முகம் தெரிய முன்னாலிருந்து எடுத்தார்கள், கோட்டுக்கு நேராக ஒருவரும் இல்லை.

ஆகவே யார் ஜெயித்தது என்று என்னால் சொல்ல முடியாது. நான் பொய் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். வேலையில் இருந்த காலத்தில், அளவுகோலைச் சாய்த்துப் பிடித்துப் படித்தான் என்று எத்தனை பேரைக் கடிந்திருக்கிறேன்!

ரயில்வேயில் ஒரு பாடம் உண்டு. மனிதன் நல்லவனா என்று பார்த்துக்கொண்டிருக்காதே. நல்லவனுக்கும் கண் அசரும். பாயிண்ட் சரியாக அமைந்து பூட்டாவிட்டால் சிக்னல் நெம்புகோலை இழுக்கவே முடியாதபடி ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பார்கள். ஒற்றைப் பாதையில் டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கக்கூடாது. ஒருவர் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதிய வேலையை மேலதிகாரி தேர்ந்தெடுத்து மறுபடி அளப்பார். இதில் யாரும் அவமானப்படுவதில்லை. மனத்தை நம்பாமல் முறையை நம்பும் இந்த வழக்கம் இங்கிலீஷ்காரன் கொண்டு வந்தது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். உத்திரமேரூருக்குப் போன பிறகு அந்த நினைப்புப் போய்விட்டது.

உத்திரமேரூரில்

செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கி, மேற்கே பஸ் பிடித்தால் உத்திரமேரூர். காஞ்சிபுரம் மாவட்டம். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளைப் பற்றிப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'குடவோலை' என்ற ஒரு சொல்லோடு படித்துவிட்டு மறந்திருப்போம். முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, 14-ஆம் ஆட்சியாண்டில் ஒன்று; கி.பி. 919, 921. ஊர்ச் சபையார் கூடிய இடத்துக் கல்லில், அந்தச் சபைக்கு ஆள் எடுப்பது எப்படி என்ற விதிகளையே வெட்டிவைத்திருக்கிறார்கள். விதியைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி வைத்தார்கள்.

ஊரை 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாகப் பிரித்தார்கள். வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35-க்கு மேல் 70-க்குள் வயது ஆகியவை தகுதிகள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அவர் மட்டுமா? அவருடைய தகப்பன், மகன், உடன்பிறந்தார், மாமனார், மைத்துனர், மருமகன், சகோதரி மகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என்று உறவுமுறை ஒவ்வொன்றாகச் சொல்லி எல்லோரையும் தள்ளுகிறது கல்வெட்டு. நம்மவர்களுக்கு நம்மவர்களைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது! நான் படித்த பட்டியலில் 'பேரன்' இல்லை. ஒரு நிமிடம் எனக்கு ஆறுதலாக இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

தேர்ந்தெடுக்கும் முறை இன்னும் நுட்பமானது. தகுதியுள்ளவர் பெயர்களைக் குடும்பு வாரியாக ஓலையில் எழுதி, கட்டி, குடத்தில் இடுவார்கள். சபையில் சிறியவர் பெரியவர் எல்லோரும் கூடியிருக்க வேண்டும். ஊரில் உள்ள கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் வர வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும். விவரம் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஒரு கட்டை எடுத்து, வேறு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுக்கச் செய்வார்கள். அதை மத்தியஸ்தன் வாங்கும்போது ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது அல்லவா? அவன் படித்த பிறகு நம்பிமார் அனைவரும் அதை வாங்கிப் படிக்க வேண்டும். அதன் பின்தான் பெயர் ஏறும். இப்படி 30 பேர். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

அந்த விரித்த உள்ளங்கை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நம் பாலக்காட்டுப் பல்லசனையில் ஓணத்தல்லு பார்த்தவர்களுக்கு இன்னொரு விரித்த கை நினைவுக்கு வரும். அங்கே அடிப்பது உள்ளங்கையால்தான், முஷ்டி மடக்கக் கூடாது.

919-இல் வெட்டிய விதியில் வயது 30 முதல் 60 வரை என்றிருந்தது. இரண்டே ஆண்டில் அதை 35 முதல் 70 என்று மாற்றி, முறையையும் இன்னும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். முதல் விதி எங்கோ இடித்திருக்கிறது, தயங்காமல் திருத்தினார்கள். ரயில்வேக் கையேடுகளில் திருத்தச் சீட்டு வந்தால் வெட்டி ஒட்டுவோம். அவர்கள் கல்லில் மறுபடி வெட்டினார்கள்.

இதை ஜனநாயகத்தின் பிறப்பிடம் என்று மேடையில் முழங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. அது நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆடவர்களின் சபை. மற்றவர்களுக்கும் பெண்களுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. ஒலிம்பியாவிலும் ஓடியவர்கள் சுதந்திரக் கிரேக்க ஆண்கள் மட்டுமே. அந்தக் குறையோடுதான் இவற்றைப் பார்க்க வேண்டும். நான் எடுத்துக்கொள்வது ஆட்களை அல்ல, கைமுறையை.

சங்கத்துக்கு எழுதிய கடிதம்

இந்தக் கட்டுரையை ஆசிரியர் குழுவிடம் கொடுக்கும் அன்றே சங்கத்தின் செயலாளரிடம் ஒரு கடிதமும் கொடுத்தேன். அதில் இருப்பது இதுதான். வரும் பொங்கலில் ஓட்ட நடுவர்களை ஒரு வாரம் முன்பே தீர்மானிக்க வேண்டும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தவர், மூணாறு, மறையூர்ப் பக்கத்தவர் என்று குடும்பு பிரித்துச் சீட்டுப் போடலாம். எவர் வீட்டுப் பிள்ளை ஓடுகிறதோ அவர் அந்த ஓட்டத்துக்கு விலகிக்கொள்ள வேண்டும். பேரன் பேத்தி என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நடுவருக்குக் கோட்டின் நீட்சியில் ஒரு மர ஸ்டூல் போட்டு, நாடா பிடிப்பவர் தரையில் உட்கார வேண்டும். கோட்டுக்கு நேராக ஒரு கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்திவைக்க வேண்டும். முறையிட விரும்புகிறவர் நடுவரிடம் போகாமல், ஓட்டத்தில் பிள்ளையில்லாத மூவர் உட்கார்ந்திருக்கும் ஒரு மேசைக்குப் போக வேண்டும். பந்தலுக்குள் அல்ல, சற்றுத் தள்ளி, இரைச்சலில்லாத இடத்தில் அந்த மேசையைப் போட வேண்டும்.

சென்ற ஆண்டு முடிவை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் படத்தோடு எழுதி, எஸ்டேட் விலாசம் விசாரித்து, அந்தத் தகப்பனாருக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

பேரனிடமும் அந்தப் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "அப்ப அவன் ஜெயிச்சிருக்கலாமா தாத்தா?" என்று கேட்டான். இருக்கலாம் என்றேன். "அடுத்த வருஷமும் அவன் வருவானா?" என்றான்.

குடத்தில் என் பெயரைப் போட வேண்டாம் என்றும் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். உத்திரமேரூர்க் கணக்குப்படி எனக்கு இன்னும் நான்கு ஆண்டு தகுதி இருக்கிறது. ஆனால் பையன் இப்போதைக்கு ஓடுவதை நிறுத்தமாட்டான்.